பனி பார்க்காதவன் பார்த்துக் கொடுத்த வண்டி

பனி கொட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் பனி செய்துவிட்டுப் போன வேலையை மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். யாங்கூனில் பழைய ஜப்பான் வண்டிகளைக் கைமாற்றிவிடும் தரகன் நான். கப்பலில் வந்து இறங்கும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு நுழைவேன். அடியெல்லாம் துரு பிடித்திருந்தால் அது ஜப்பானின் வடக்கிலிருந்து வந்த வண்டி. அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்களாம், பனி இளகிப் போவதற்கு. அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்னும். தின்றது போக மிச்சம் எங்கள் ஊருக்கு வரும். அதை விற்றுத்தான் யாங்கூனின் பசுந்தாங் பேட்டையில் குடித்தனம் நடத்துகிறேன்.

அந்த வண்டிகளில் சீட்டைச் சுடவைக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். ஏப்ரல் வெயிலில் யாரோ தெரியாமல் அதை அழுத்திவிட்டு, பின்பக்கம் வெந்துபோய் இறங்கி ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பதுதான் எங்கள் தொழிலில் வருஷத்துக்கொரு திருவிழா. பனியைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். என் மகள் அந்த வடக்கிலேயே போய் வேலைக்கு உட்காரும் வரை.

முதியோர் இல்லம் ஒன்றில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. முதல் பனிக்காலம் ஊருக்குள்ளேயே கழிந்தது. இந்த வருஷம் ஊருக்கு வெளியே, ஒரு மேட்டின் உச்சியில் இருக்கும் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்கு முதல் பஸ் கிளம்பும் முன்பே போய்ச் சேர வேண்டும். இதுவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். போன பனிக்காலத்தில், இப்போது கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சாதாரண வண்டியில் அந்த மேட்டில் ஏறப் போய், வண்டி பாதி ஏறி, யோசித்து, அப்படியே பின்னுக்கு வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டதாம். அந்தப் பெண்ணுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு என் மகள் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பா, எனக்கு ஒரு ஃபோர் வீல் வேணும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பழசுதான் வாங்க முடியும். பனி விழறதுக்குள்ள வேணும். நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

பெற்ற மகள் என்னிடம் புத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கைலியை அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். நேரே டீக்கடைக்குப் போய், கூட இருக்கும் தரகர்கள் எல்லாருக்கும் நானே டீ சொல்லிவிட்டு விஷயத்தை அறிவித்தேன். பக்கத்து மேசை பர்மியத் தரகர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை 'ஆகோ' என்பார், பர்மியத்தில் அண்ணன்.

"ஆகோ, இத்தனை நாள் ஜப்பான் வண்டிய பர்மாவுல வித்தே. இப்ப ஜப்பான்காரன் வண்டிய ஜப்பான்லயே விக்கப் போறியா?"

"விக்கலப்பா, வாங்கப் போறேன்."

"வாங்கத் தெரிஞ்சவனா இருந்தா நீ ஏன் அந்த வெள்ளை வேனை வாங்கினே?"

அந்த வேனைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பனியில் வண்டி வழுக்கும் வீடியோக்களைப் போனில் தேடினேன். அது ஒரு தப்பு. ஒன்று பார்த்தால் போன் தானாகவே அடுத்ததைக் காட்டுகிறது. பஸ் வழுக்கியது, லாரி வழுக்கியது, வழுக்கியவர்களைத் தூக்க வந்த கிரேனும் வழுக்கியது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சோத்துல கைய வைங்க," என்றாள் மனைவி. "அந்த கிரேனுக்கு உங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

மகள் மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் வீடியோ காலில் காட்டச் சொன்னேன். பார்க்கப் போகும்போது ஒரு கரண்டி எடுத்துப் போகச் சொன்னேன்.

"எந்தக் கரண்டிப்பா?"

"சூப்பு ஊத்துற கரண்டி. கனமா இருக்கணும்."

"வண்டி வாங்கப் போறப்ப சூப்புக் கரண்டி எடுத்துட்டுப் போனா அவங்க என்ன நெனைப்பாங்க?"

"உங்க அப்பா நல்லா வண்டி பாக்குறவருன்னு நெனைப்பாங்க. எடுத்துட்டுப் போ."

கரண்டி என் தொழில் ரகசியம். வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் இரும்புச் சட்டம்தான் அதன் முதுகெலும்பு. கரண்டியால் தட்டினால் நல்ல சட்டம் 'டிங்' என்னும். உள்ளே துரு தின்ற சட்டம் 'டொப்' என்னும், ஈரச் சுவரைத் தட்டியது போல. வெளியே எப்படிப் பளபளத்தாலும் சத்தம் ஏமாற்றாது.

முதல் வண்டி வெள்ளை. யாங்கூனில் வெள்ளை வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைமாறும். "ரொம்ப நல்ல நிறம்" என்று ஆரம்பித்தேன். மகள், "அப்பா, பனியும் வெள்ளை. நான் எங்க நிக்கிறேன்னு எதிர்ல வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். நிறத்தை விட்டுவிட்டுக் கரண்டியால் தட்டச் சொன்னேன். டிங், டிங், டிங், டொப். இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொரு டொப். டயரை நகத்தால் அழுத்தச் சொன்னேன். பனிக்கான டயர் மெத்தென்று இருக்க வேண்டும், இது காய்ந்த கருவாடு போல இருந்தது. மோசம் என்று சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. கைவசம் வைத்துக்கொள்வோம் என்றேன்.

இரண்டாவது வண்டியை, ஸ்டியரிங்கை ஒரே பக்கமாக முழுக்க ஒடித்து மைதானத்தில் ஒரு வட்டம் அடிக்கச் சொன்னேன். நாலு சக்கரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று அப்படித்தான் பார்ப்பது. வண்டி நொண்டிக் குதிரை மாதிரித் தத்தித் தத்திப் போனது. "எறங்கு" என்றேன்.

மூன்றாவது வண்டி ஊர் எல்லையில், ஒரு தாத்தாவின் சின்னப் பட்டறையில் நின்றது. தாத்தா முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மகள் போனை அவர் பக்கம் திருப்பியதும் இடுப்பு வரை வளைந்து வணக்கம் சொன்னார். நானும் வளைந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் வளைந்தார். நானும் விடவில்லை. "போதும்பா, உங்க முதுகு பிடிச்சுக்கும்" என்று மகள்தான் நிறுத்தி வைத்தாள்.

வண்டியின் நிறம் அரைத்த கடுகு. அதைவிட அசிங்கமான நிறத்தில் நான் ஒரு வண்டியைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் இதைச் சும்மா கொடுத்தாலும் போர்வை போர்த்தித்தான் ஓட்டிப் போவார்கள். ஆனால் கரண்டி பட்டதும், டிங்! முன்னால் டிங், நடுவில் டிங், பின்னால் டிங். கோயில் மணி தோற்றது. டயரில் நகம் பதிந்து, பதிந்த இடம் மெதுவாக மேலே வந்தது. நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. வட்டம் அடித்தபோது ஒரு முனகல் இல்லை. "பாப்பா, இதுதான்! இதேதான்! கடைசியா ஒரே ஒண்ணு, போனை அடியில காட்டு!"

காட்டினாள். அடிவயிறு முழுக்கக் கறுப்பு. புதுசாக, ஈரம் காயாதது போல மினுமினுக்கும் கறுப்பு.

"மவளே," என்றேன், "எந்திரி. அந்த ஆளப் பாத்துச் சிரி. திரும்பிப் பாக்காம வெளிய வந்துரு."

"ஏன்பா?"

"கறுப்பு அடிச்சிருக்கான்! திருட்டு வண்டி!"

யாங்கூனில் துருப்பிடித்த வண்டி ஒன்று கையில் மாட்டிக்கொண்டால், விற்கிறவன் அடியில் கறுப்புப் பெயிண்டைப் பீய்ச்சி அடித்துவிடுவான். துரு தெரியாது. நான் அடித்ததில்லை, அடித்தவர்களோடு டீ குடித்திருக்கிறேன். அடி பளபளத்தால் நாங்கள் பேரம் பேசுவதே இல்லை, செருப்பைத் தேடுவோம்.

"அப்பா, தாத்தா ஏதோ சொல்றாரு, வருஷா வருஷம் அவரே..."

"விக்கிறவன் ஆயிரம் சொல்வான்! நானே எவ்வளவு சொல்லியிருப்பேன்!"

"ஆனா கரண்டி டிங்குன்னுச்சேப்பா!"

"அதான் சொல்றேன், பெரிய கைகாரன்!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு முழுக்க ஃபேன் ஓய்ந்து, மாடிக்கு மாடி ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. போனில் தாத்தாவின் முகம் பாதி வணக்கத்தில் அப்படியே உறைந்து நின்றது. பாவம் போலத்தான் இருந்தது. அந்தப் பாவ முகம்தான் கைகாரனுக்கு முதல் அடையாளம் என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் விசிறிக்கொண்டே, "உங்க முகமும் அப்படித்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் மகளுக்கு வேறு நல்ல வண்டி எதுவும் கிடைக்கவில்லை. வானிலைக்காரர்கள் சனிக்கிழமை பனி என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மேட்டில் காலை ஷிஃப்ட். "வெள்ளையே போதும்பா, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு 'டொப்'பும் என் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தன. கனவில்கூட அந்தச் சட்டம் மேட்டின் நடுவில் முறிந்தது; நான் கரண்டியோடு ஓடினேன்; கரண்டியும் வழுக்கியது.

மறுநாள் காலை ஆற்றுக்கு அக்கரை டாலாவில் மச்சினிச்சி பேத்திக்குக் காதுகுத்து. ஆற்றைக் கடக்க மனைவியும் நானும் சம்பான் படகில் ஏறினோம். மழைக்காலம் முடிந்த நேரம். அக்கரை நெடுக, படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துப்போட்டு, ஆட்கள் அடியில் கறுப்பு எண்ணெய்க் கசடு பூசிக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தாத்தா வண்டி மாதிரியே இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"எது?"

"அங்க பாருங்க. அடியெல்லாம் கறுப்பு, மினுமினுன்னு."

"அது வேற, இது வேற. இவன் தண்ணி ஏறக் கூடாதுன்னு பூசறான்."

"அவரு உப்பு ஏறக் கூடாதுன்னு பூசியிருப்பாரு."

நான் வாயைத் திறந்தேன். ஆற்றுக் காற்றுதான் உள்ளே போனது.

"படகுக்காரரு அடியில கறுப்பு பூசியிருக்காரு, திருட்டுப் படகுன்னு எந்திரிச்சு ஓடுவீங்களா? ஏறி உக்காந்துதானே வர்றீங்க?"

உட்கார்ந்துதான் வந்தேன், அதுவரை. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் பனி இல்லை, ரோட்டில் உப்பு இல்லை. வண்டிக்கு அடியில் கறுப்பு அடிக்க ஒரே காரணம்தான் இருக்கிறது. அந்த ஒரே காரணத்தைக் கொண்டுபோய், பனியும் உப்பும் கொட்டுகிற ஊரில், வண்டியைக் கண்ணாக வைத்துக்கொண்ட மனுஷன் மேல் ஒட்டிவிட்டேன். வருஷா வருஷம் பூசிக் காப்பாற்றிய வண்டிகள் எதற்காகக் கப்பலேறி என்னிடம் வரப் போகின்றன? அவை அங்கேயே சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். நான் இத்தனை காலம் பார்த்ததெல்லாம் யாரும் பூசாமல் விட்ட அடிகள். நோயாளிகளை மட்டுமே பார்த்துவிட்டு, ஊரில் எல்லாருக்கும் காய்ச்சல் என்று முடிவு கட்டியவன் நான்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடையில் வாத்துகளோடு இருந்த ஒரு பர்மிய அம்மா கத்தினாள்: "ஊலே, பெரியவரே, உக்காருங்க! வாத்தெல்லாம் பயப்படுது!"

வாத்துகளை விட நான்தான் அதிகம் பயந்திருந்தேன். நடு ஆற்றில் லைன் கிடைக்கவில்லை. அக்கரையில் கால் வைத்ததும் கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லப்பா, அங்கதான் பஸ்ல போயிட்டிருக்கேன்."

"எறங்கு!"

"எங்க?"

"எங்கயாவது எறங்கு! கடுகு வண்டிகிட்டப் போ! தாத்தாகிட்டப் போ! நான் ஒரு முட்டாள், உங்க அம்மாதான் தரகர்!"

"அமலே!" என்றாள் மகள். பயம், எரிச்சல், சிரிப்பு எல்லாவற்றுக்கும் பர்மியர்கள் சொல்லும் 'அம்மாடி' அது. அவளுடையதில் மூன்றும் இருந்தன. "போன தடவை ஓடி வந்த இடத்துக்கு எந்த முகத்தோட போறது?"

"என் முகத்தோட போ! போன்ல காட்டு!"

காதுகுத்து வீட்டுக்குப் போகாமல், ஆள் மிதிக்கும் ட்ரைஷா வண்டிகளின் நிறுத்தத்திலேயே நின்றேன். வண்டி விற்றுப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி வியர்த்தேன். கடைசியில் போன் அடித்தது. திரையில் அந்தக் கடுகு நிறம் தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த நிறத்தை அந்த ஊரிலும் யாரும் தொடவில்லை. அதைப் பூசிய புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தாத்தா வளைந்தார். நான் டாலா கரையில் நின்று வளைந்தேன். எதிரே இருந்த ட்ரைஷாக்காரர், தனக்குத்தான் என்று நினைத்து, அவரும் லேசாக வளைந்துவிட்டு எங்கே போகணும் என்றார்.

"தாத்தாவ ஒரு காசால அடியில சுரண்டிக் காட்டச் சொல்லு," என்றேன் மகளிடம். "கறுப்புக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்." போன தடவையே இதைச் செய்திருக்கலாம். ஓடுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

தாத்தா தயங்காமல் படுத்து உள்ளே போனார். மல்லாந்து படுத்து, ஒரு கையில் டார்ச், முழங்காலை மடக்கி, அச்சு அசல் நான் படுப்பது போலவே. ஒரு மூலையில் சுரண்டினார். ஒரு கறுப்பு உரிந்தது; அதன் கீழே பழைய கறுப்பு; அதற்கும் கீழே இன்னும் பழையது. எல்லாவற்றுக்கும் அடியில், துருவின் நிழல் கூடப் படாத இரும்பு. சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

"தாத்தா கேக்குறாரு," என்றாள் மகள், "போன தடவை ஏன் ஓடினீங்கன்னு."

"என்ன சொன்னே?"

"எங்க ஊர்ல கறுப்பு அடிச்சா திருட்டு வண்டின்னு சொன்னேன்."

"அட பாவி, அப்படியே சொல்லிட்டியா! அதுக்கு?"

"சிரிக்கிறாரு. அப்பா நல்லா பாக்குறவர்தான், இனிமேலும் அடியைப் பாத்தே வாங்கச் சொல்றாரு."

வண்டி அன்றே கைமாறியது. காதுகுத்து முடிந்துபோயிருந்தது, எங்களுக்கு வடை மட்டும் மிச்சம் இருந்தது. அதைத் தின்றுகொண்டே வந்திருந்த அத்தனை பேருக்கும் கடுகு வண்டியின் கதையைச் சொன்னேன். என் கதையில் படகைப் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான். மனைவி இருமினாள்.

சொன்னபடி சனிக்கிழமை பனி கொட்டியது. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் ஞாயிறு பகலில் ஒரு தடவை மேட்டில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மகள் கிளம்பும் நேரத்துக்கு "மீ லாபி!" என்று தெருவே கூவியது, கரண்ட் வந்துவிட்டது என்று யாங்கூனே போடும் சத்தம் அது. நானும் ஜன்னலில் நின்று கூவினேன். ஃபேன் சுற்றியது, திரை தெளிந்தது.

முதலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லியிருந்தேன். அங்கே எலுமிச்சை நகை மாதிரி விலையாம்; இருந்தாலும் வாங்கிவிட்டாள். வண்டி நகர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நசுங்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. இறங்கிப் போய்க் காட்டினாள்: நாலு பழமும் பஞ்சு போன்ற பனிக்குள் அமுங்கி, தோல் கூடக் கீறாமல், முட்டையிட்டது போல் முழுசாக இருந்தன.

"ஒடையலையே! ஒண்ணு கூட ஒடையலையே! சகுனம் சரியில்ல, திரும்ப வை!"

"வண்டி மெதுவா போகும்னு சகுனம்," என்றாள் மனைவி. "ஏம்மா, அத எடுத்துக் கழுவி வச்சுக்க. சாதம் கிண்டலாம்."

மகள் பழங்களைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறினாள். போனைக் கண்ணாடிக்கு எதிரே பொருத்தினாள். மேடு தெரிந்தது. வெள்ளை ரோடு, வெள்ளை மரம், வெள்ளை வானம். எது ரோடு எது வானம் என்றே எனக்குத் தெரியவில்லை. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வெறும் பனியனில் வியர்த்துக்கொண்டு, ஆரம்பித்தேன்.

"மெதுவா! பிரேக்கத் தொடாத! தொட்டுராத! கியர மாத்தாத! வலப்பக்கம் போ, வலப்பக்கம்!"

"அங்க எடப்பக்கம் போகணுங்க," என்றாள் மனைவி. எங்கள் ஊரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம், வண்டி ஓடுவதும் வலப்பக்கம். முந்துவதற்கு முன்னால் இடப்பக்க சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக என் இடப்பக்க சீட்டு அவள்தான். பழக்க தோஷத்தில் அவளும் கழுத்தை நீட்டி, "போலாம், போலாம், யாரும் வரல" என்றாள்.

வாய்க்கால் தெரிந்தது. போன வருஷம் வண்டி உட்கார்ந்த அதே வாய்க்கால். நான் என் கால் பக்கம் இல்லாத பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். ஸ்டூலின் ஒரு கால் முறிந்தது. தரையில் விழுந்த நிலையிலும் போனை விடவில்லை. "ஒரே சீரா! விடாத! ஏறுது பாப்பா! நாலும் இழுக்குது! ஏறுது!"

வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல், யோசிக்காமல், பின்னுக்குப் போகாமல் ஏறியது. மேட்டின் உச்சியில் இல்லத்து வாசல் வந்தது. ஜன்னலில் இரண்டு மூன்று பாட்டிகள் கை அசைத்தார்கள். மகள் எஞ்சினை அணைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்து எதையோ தட்டினாள்.

"அப்பா, இப்ப பேசுங்க."

"இப்பவா? இவ்வளவு நேரம் பேசிட்டுத்தானே வர்றேன்!"

"கெளம்பும்போதே சவுண்ட மூடிட்டேன்பா. நீங்க கத்துவீங்கன்னு தெரியும். கேட்டா நான் வாய்க்காலுக்குள்ளதான் போயிருப்பேன்."

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"சரி," என்றேன். "அடியக் காட்டு."

மகள் குனிந்து, போனைத் திரை மேலே பார்த்திருக்கப் பனியில் வைத்து வண்டிக்கு அடியில் தள்ளினாள். கறுப்பு அடிவயிறு. அங்கங்கே ஒட்டிய பனி, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. துரு எங்கும் இல்லை. நான் முறிந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, பொறுமையாகப் பார்த்தேன். திரையில் ஒரு சொட்டு விழுந்தது. என்னை அறியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.